தடுப்புச்சுவருக்கும் பட்டா கேட்கிறார்கள்

நீலகிரியில் அக்டோபர் பிறந்தால் ஓர் அறிவிப்பு தவறாமல் வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கவிருக்கிறது, சரிவான பகுதிகளில் குடியிருப்போர் எச்சரிக்கையாக இருக்கவும், மழை வலுத்தால் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றுவிடவும். கூடவே முகாம்களின் எண்ணிக்கை, தயாராக நிற்கும் பொக்லைன்கள், மணல் மூட்டைகள், அபாயம் உள்ளவை என்று மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டிருக்கும் 283 இடங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது என்பதால் இதே அறிவிப்பு அங்கே ஜூனிலேயே வந்துவிடும். இதில் பொய் எதுவும் இல்லை. நடுராத்திரியில் குடையும் டார்ச்சுமாகக் கதவு தட்டி ஆட்களை எழுப்பும் வருவாய்த்துறை ஊழியர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. ஆனால் அந்த அறிவிப்பில் மழை இருக்கிறது, சரிவு இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள். அந்த மக்கள் ஏன் அந்தச் சரிவில் இருக்கிறார்கள், சரிவில் தண்ணீர் எப்படிச் சேர்ந்தது என்ற இரண்டும் மட்டும் இல்லை. எத்தனை வருடம் வாசித்தாலும் இந்த இரண்டு விடுபடல்களும் உறுத்திக்கொண்டேதான் இருக்கின்றன.

முதல் கேள்விக்கான பதில் மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் வந்தவர்களுக்கு நல்ல நிலம். படகர்களின் பழைய ஹட்டிகளை, அதாவது ஊர்களைப் பாருங்கள்: மேட்டின் முதுகில், மெல்லச் சாயும் நிலத்தில், வரிசையாக வீடுகள், ஊற்று பக்கத்தில் இருக்கும், ஓடை தள்ளி இருக்கும். வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்களுக்குக் குன்றின் உச்சியைப் பிடித்தார்கள். தேயிலை நடமுடியாத பள்ளத்தில், ஓடையை ஒட்டி, தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகள் வந்தன. அதற்கும் பிறகு வந்தவர்கள் இலங்கையிலிருந்து திரும்பியவர்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்தியா ஒத்துக்கொண்டது; கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் கணிசமானோர் தெரிந்த தொழிலைத் தேடி இந்த மலைக்கு ஏறினார்கள். அவர்களுக்காக 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976இல் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. வேலை கிடைத்தவர்களுக்கு லைன் வீடு. கிடைக்காதவர்களும், ஓய்வு பெற்று லைனைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர்களும் அப்போது ஆள் இல்லாமல் கிடந்த இடத்துக்குப் போனார்கள். அது ஏன் ஆள் இல்லாமல் கிடந்தது என்றால், முப்பது பாகைக்கு மேல் சாய்ந்த புறம்போக்கு என்பதால்தான்.

பழங்குடிகளின் கதை வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. கூடலூர் பக்கம் பணியர் குடியிருப்புகள் பலவும் வயலோரத்தில் இருப்பவை. தொரப்பள்ளி அருகே இருவயல், புறமணவயல் போன்ற இடங்களில் ஆறு ஏறினால் வீட்டுக்குள் தண்ணீர் வருவது பருவமழைச் செய்திகளில் வாடிக்கையாகிவிட்டது. அங்கே மண் சரியாது, வெள்ளம் வரும். தாழ்ந்த நிலம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்ற கேள்வி அங்கும் அதேதான்.

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண்சுவர்

சரிவில் வீடு கட்டுவது எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். முப்பது பாகைச் சரிவில் ஆறு மீட்டர் ஆழத்துக்குச் சமதளம் வேண்டுமென்றால், முழுவதையும் வெட்டியே எடுத்தால் பின்பக்கம் மூன்றரை மீட்டர் உயரத்துக்கு மண்சுவர் செங்குத்தாக நிற்கும். ஆறு மீட்டர் நீள வீட்டுக்கு அறுபது கனமீட்டருக்கு மேல் மண். எடையில் நூறு டன். கடப்பாரை, மண்வெட்டி வைத்து வெட்டுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே பாதியை வெட்டி, அந்த மண்ணையே முன்பக்கம் கொட்டி, சமப்படுத்திக் கட்டுகிறார்கள். வீட்டின் பின்பாதி கெட்டியான மண்ணிலும் முன்பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. திமிசு போட்டு அடுக்கடுக்காக இறுக்காத மண் இரண்டு மூன்று மழைக்காலத்தில் அமுங்கும். தரையில், சரிவுக்குக் குறுக்காக, வீட்டின் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடும். அந்த விரிசலை சிமெண்டு பூசி மறைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததாக எல்லோரும் நம்புகிறோம். வெட்டிய மண்ணும் கொட்டிய மண்ணும் சேரும் கோடு எது என்று அந்த விரிசல்தான் காட்டிக்கொடுக்கிறது.

இந்த மலையின் அடிப்பாறை சார்னோகைட். கெட்டியான பாறைதான். ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து லட்சக்கணக்கான வருடங்களாக அதை மக்கச் செய்திருப்பதால் பாறைக்கு மேல் பல இடங்களில் பத்து இருபது மீட்டருக்கும் அதிகமாக மண். மேலே செம்மண், சற்றுக் கீழே வெளிறிய களிமண், அதற்குக் கீழே பாதி மக்கிய பாறை. செம்மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதுதான் அதன் வஞ்சகம். பத்து வருடம் நின்ற சுவர் பதினோராவது வருடம் ஒரே ராத்திரியில் இறங்கும். செம்மண் வழியாக இறங்கிய தண்ணீர் களிமண்ணில் வந்து தேங்குகிறது. மண்துகள்களுக்கு இடையில் நீர் நிரம்பி அழுத்தம் ஏறும்போது, துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் உரசல் குறைகிறது. மண் கனக்கிறது, பிடிப்பு தளர்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில். ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர்மட்டம் ஏறினால் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். சுவரின் மேல் தள்ளுவதும் அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, மழையின் அளவோடு மண்ணுக்குள் எவ்வளவு போனது என்பதும் சேர்ந்துதான் சரிவின் கதியைத் தீர்மானிக்கிறது. நான்கு நாள் தூறலில் ஊறிய மண் ஐந்தாம் நாள் சாதாரண மழைக்கே இறங்கிவிடும். காய்ந்த மண் அதே மழையை உறிஞ்சிக்கொண்டு நின்றுவிடும்.

2009, நவம்பர் 10

இந்த மலையில் மண்சரிவு புதிதல்ல. 1978 நவம்பர், மரப்பாலத்தில் பேருந்துகளையே அடித்துச் சென்ற 1993 நவம்பர் என்று மூத்தவர்கள் சொல்லும் வருடங்கள் இருக்கின்றன. என்றாலும் நீலகிரியில் இன்று நடைமுறையில் உள்ள கெடுபிடியும் பயமும் பேச்சும் 2009இலிருந்துதான் தொடங்குகின்றன என்று சொன்னால் பெரிய தவறில்லை. அந்த நவம்பர் முதல் வாரத்தில் தென்னிந்தியாவைக் கடந்த காற்றழுத்தம் அரபிக்கடலுக்குள் போய் பியான் புயலாக உருவெடுத்தது. போகிற போக்கில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஒரு வாரத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் இறங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் வீட்டுக்குள், தூக்கத்தில். மேட்டுப்பாளையம் சாலை, கோத்தகிரி சாலை, மலை ரயில் பாதை மூன்றும் ஒரே நேரத்தில் அறுந்து கிடந்தன.

சரிந்த இடங்களில் ஏராளமானவை யாரும் தொடாத மலைமுகங்கள் அல்ல என்பதுதான் அப்போது பேசப்பட்டிருக்க வேண்டிய விஷயம். சாலைக்காக வெட்டியது, வீட்டுக்காக வெட்டியது, காய்கறி வயலுக்காக வெட்டியது. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், உருளைக்கிழங்குப் பாத்திகள் பலவும் சரிவின் போக்கிலேயே, மேலிருந்து கீழாகப் போடப்பட்டவை. தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. விவசாயியின் கணக்கில் அது சரி. ஆனால் ஒவ்வொரு பாத்தியும் ஒரு வாய்க்கால் மாதிரி. அத்தனை வாய்க்கால்களின் தண்ணீரும் அடியில் யார் வீட்டுக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது என்பது விவசாயியின் கணக்கில் வராது. சாலையும் அப்படித்தான். மலைச்சாலையின் உள்பக்க வடிகாலில் ஓடும் நீரை இவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை சிறுபாலம் வைத்துக் கீழ்ப்பக்கம் தள்ள வேண்டும். தள்ளுகிற இடத்திலிருந்து ஓடை வரைக்கும் கல் பதித்த வழி இருக்க வேண்டும். பல இடங்களில் சாலையின் விளிம்போடு வேலை முடிந்துவிடுகிறது. குழாயின் வாய் வெறும் மண்ணைப் பார்த்திருக்கும். என் பார்வையில், அந்த வாய் யார் மனு கொடுக்கத் தெரியாதவர்களோ அவர்கள் பக்கமாகவே திறந்திருப்பது தற்செயல் அல்ல.

2009க்குப் பிறகு நிர்வாகம் கெடுபிடியைக் கூட்டியது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990லேயே வந்துவிட்டது; மலைநகரங்களுக்கான கட்டட விதிகள் 1993இல் வந்தன; கட்டடம் ஏழு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பதெல்லாம் அப்போதே வந்தது. அதற்குமேல், மண்ணள்ளும் இயந்திரத்தை ஆட்சியர் அனுமதியின்றி இயக்கக் கூடாது, சரிவை வெட்டக் கூடாது, புதிய கட்டுமானத்துக்குப் பல துறைகளின் தடையின்மைச் சான்று. இவை எல்லாமே தேவையான விதிகள். இவை இல்லாவிட்டால் இந்த மலையில் ரிசார்ட்டுகள் இன்னும் பத்து மடங்கு இருந்திருக்கும். ஆனால் இந்த விதிகள் வந்து விழுந்த இடத்தைப் பாருங்கள். ஏற்கெனவே வெட்டிய சரிவுக்குக் கீழே, பட்டா இல்லாத நிலத்தில், நாற்பது வருடமாகக் குடியிருக்கிற குடும்பம் ஒரு தடுப்புச்சுவர் கட்ட அனுமதி கேட்டால், விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே சர்வே எண், பட்டா நகல். நிலம் புறம்போக்கு, வீடு ஆக்கிரமிப்பு, சுவர் நிரந்தரக் கட்டுமானம். அனுமதி கிடையாது. சரிவு ஆபத்தானது என்று அறிவிக்கிற அரசு, சரிவைப் பாதுகாப்பதைச் சட்டவிரோதம் என்றும் சொல்கிறது. ஆகவே வீட்டுக்காரர் தார்ப்பாய் வாங்கிவந்து மண்சுவரின் மேல் போர்த்துகிறார். தார்ப்பாய்க்கு அனுமதி வேண்டாம்.

கூடலூரின் ‘செக்சன் 17’ நிலங்களில் இது இன்னும் சிக்கல். 1969ஆம் வருட ஜென்ம (பரம்பரைப் பெருநிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களில் குடியிருப்பவர்களில் பலர் மின் இணைப்புக்கே தலைமுறைக்கணக்காக அலைந்தவர்கள். அங்கே போய்த் தடுப்புச்சுவர் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள்.

சுவரை விட வடிகால்

தடுப்புச்சுவர் கேட்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூன்று மீட்டர் உயரக் கற்சுவருக்கு அடியில் ஒன்றரை மீட்டராவது அகலம் வேண்டும். உச்சியில் அறுபது சென்டிமீட்டர். ஆறு மீட்டர் நீளத்துக்கு அடித்தளம் தவிர்த்தே கிட்டத்தட்ட ஏழு யூனிட் கல். லாரி சாலையோடு நின்றுவிடும், அங்கிருந்து தலைச்சுமை. இவ்வளவு செலவழித்துக் கட்டியும் சுவர் விழுந்த இடங்கள் ஏராளம், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தண்ணீர் வெளியேற வழி இல்லை. சுவருக்குப் பின்னால் முப்பது சென்டிமீட்டர் தடிமனுக்குச் சல்லி நிரப்பி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வீதம் மூன்று அங்குல பி.வி.சி. குழாயை வெளிப்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும்படி பதிக்க வேண்டும். குழாயின் உள்வாயில் சல்லியோ வடிதுணியோ இல்லாவிட்டால் இரண்டு மழையில் மண் அடைத்துவிடும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று குழாய் இல்லாமல் பூசிவிட்ட சுவர், சரிவுக்கு முட்டுக்கொடுப்பதில்லை. அது தண்ணீரைத் தேக்குகிற அணை. வயிறு தள்ளிய சுவர்களை இந்த மலையில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

சுவர் கட்ட முடியாதவர்களுக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சரிவுக்குள் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அசர வைக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆறுக்கு ஐந்து மீட்டர் தகரக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,000 லிட்டர் வழியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மழை இந்தக் கூரையில் விழுந்திருந்தால் 24,000 லிட்டர், அதாவது இரண்டு பெரிய தண்ணீர் லாரி. மலைவீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூரைத் தாழ்வாரத்தில் மழைநீரை ஏந்தும் பீலி கிடையாது. பின்பக்கம் வழிகிற பாதித் தண்ணீர் நேராக மண்சுவரின் அடிக்காலில் விழுந்து அதை அரிக்கிறது. அடிக்கால் போனால் மேலே என்ன நட்டிருந்தாலும் பயனில்லை. நான்கு அங்குலக் குழாயை நீளவாக்கில் அறுத்து இரண்டு பீலியாக்கிக் கம்பியால் கட்டி, முனையில் முழுக்குழாய் வைத்து ஓடைவரை இறக்குவதற்கு ஆகும் செலவு தார்ப்பாய்ச் செலவைவிடச் சற்றுத்தான் அதிகம். இடையில் எங்கும் நிறுத்தக் கூடாது. பாதிவழியில் விட்டால் கீழ்வீட்டுக்காரரின் மண்சுவரில் அது வேலை செய்யும்.

மழைக்காலம் முடிந்தாலும் ஓயாத தண்ணீர் ஒன்று இருக்கிறது. ஊற்றிலிருந்து வீட்டுக்கு வரும் கருப்புக் குழாய்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் டியூப் சுற்றிக் கட்டியிருக்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் ஒரு நாளைக்கு 1,440 லிட்டர். வருடம் முழுக்க, வெயில் காலத்திலும், ஒரே இடத்தில். குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் எல்லாம் வீட்டு ஓரத்துக் குழியில். அதோடு கழிப்பறை. அரசுத் திட்டத்தில் வந்த இரட்டைக் குழிக் கழிப்பறை சமவெளிக்கென்று வடிவமைத்தது: துளையிட்ட உறைகளின் வழியே தண்ணீர் மண்ணுக்குள் உறிஞ்சப்பட வேண்டும் என்பதே அதன் தத்துவம். சரிவில் அதே குழியைத் தோண்டினால், உறிஞ்சப்பட்ட தண்ணீர் மேல்வரிசை வீட்டிலிருந்து கீழ்வரிசை வீட்டின் பின்சுவரில் ஈரமாக எட்டிப்பார்க்கும். ஐந்து வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில் கடைசி வரிசைக்காரர்கள் மேலே உள்ள நான்கு வரிசைகளின் தண்ணீரையும் தாங்குகிறார்கள். குழியைத் தோண்டியே ஆகவேண்டும் என்றால் வெட்டிய விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி; முடிந்தால் எல்லா வீட்டுக் கழிவுநீரையும் மூடிய குழாயில் சேர்த்துக் கீழே ஒரே தொட்டிக்குக் கொண்டுபோவது. இது தனி வீட்டால் ஆகாது, உள்ளாட்சி செய்ய வேண்டிய வேலை. மானியம் மட்டும் தனித்தனி வீட்டுக்குத்தான் வருகிறது.

வெட்டிவேர் நடுங்கள் என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து சொல்வார். நல்ல யோசனைதான், எங்கே என்று தெரிந்து நட்டால். சமமட்டக் கோட்டில், பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு தூர் வீதம் நெருக்கமாக, செங்குத்து உயரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு மீட்டருக்கு ஒரு வரிசை. வேர் இரண்டு மூன்று மீட்டர் இறங்கும். கூடலூர், பர்லியாறு, கோத்தகிரியின் தாழ்ந்த பக்கங்களில் பிடிக்கும். ஊட்டி உயரத்தில் உறைபனி அதைக் கருக்கிவிடும். எட்டு மீட்டர் ஆழத்துக் களிமண்ணில் வழுக்கி இறங்குகிற சரிவை எந்தப் புல்லின் வேரும் நிறுத்தப்போவதில்லை. நெடுஞ்சாலைத் துறை சில இடங்களில் மண்ணுக்குள் இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, வலை போர்த்தி, மேலே புல்விதை தெளிக்கிறது. பார்க்கப் பசுமையாகத்தான் இருக்கிறது. அது சாலையின் மேல்பக்கச் சரிவுக்கு. சாலைக்குக் கீழே உள்ள வீடுகளுக்கு அல்ல.

கூடுதலாக வரும் பத்து சதம்

காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ ஏழு சதம் கூடும். 2024 ஜூலை 30 அதிகாலையில் கேரளத்தின் வயநாட்டில் சூரல்மலை, முண்டக்கையை அழித்த மழையை ஆராய்ந்த வேர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன் என்ற விஞ்ஞானிகள் குழு, புவி வெப்பமாதல் அந்த ஒருநாள் மழையைப் பத்து சதம் போல அதிகமாக்கியிருக்கிறது என்றது. பத்து சதந்தானே என்று தோன்றும். சரிவு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. முதல் தொண்ணூறு சதத்தை எத்தனையோ வருடம் தாங்கியிருக்கும். களிமண்ணுக்கு மேல் நீர்மட்டம் கடைசியாக ஏறும் அரை மீட்டரில்தான் எல்லாம் முடிவாகிறது. அந்த அரை மீட்டரை ஏற்றிய புகையில் விறகடுப்பில் சமைத்து, நடந்தே வேலைக்குப் போகிற லைன் வீட்டுக்காரர்களின் பங்கு எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சூரல்மலை எங்கள் பந்தலூர் எல்லைக்குப் பக்கம்தான். அதற்கு நான்கு வருடம் முன்பு, 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பெட்டிமுடியில் ஓடையோரம் நின்ற நான்கு லைன்களின் மேல் மலை இறங்கி 70 பேர் போனார்கள். தோட்டத் தொழிலாளர்கள், தமிழர்கள், பலர் கயத்தாறுப் பக்கத்துச் சொந்தங்கள். இரண்டு இடத்திலும் மழை மேலே, காட்டுக்குள், பெய்தது. வீடுகள் கீழே, ஓடை வளைவில், தோட்டம் தொடங்கிய காலத்தில் யாரோ வரைந்த வரைபடத்தில் குறித்த இடத்தில் நின்றன.

வீடு போனபின் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022 முதல் 2026 வரையிலான நெறிமுறைப்படி, முழுதாக இடிந்த வீட்டுக்கு மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். பகுதி சேதம் என்றால் கல்வீட்டுக்கு 6,500, மண்வீட்டுக்கு 4,000. அதே நெறிமுறையின் ஓரத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: சேதமான வீடு உரிய அதிகாரி சான்றளித்த, அனுமதி பெற்ற கட்டுமானமாக இருக்க வேண்டும். உயிர் போனால் 4 லட்சம். அதற்குப் பட்டா கேட்பதில்லை. பட்டா இல்லாத வீட்டில் மனிதர் இறந்தால் இழப்பீடு உண்டு, வீடு இடிந்தால் அதிகாரி மனம் வைத்தால்தான் உண்டு. பல நேரங்களில் மனம் வைக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் உரிமையாகக் கிடைக்க வேண்டியது தயவாகக் கிடைக்கிறது.

மாற்று இடம் தருகிறோமே, ஏன் போகமாட்டேன் என்கிறார்கள் என்பது அடுத்த புகார். கேரட் வயலில் கூலிக்குப் போகிறவர்களை விடியற்காலையில் ஜீப் வந்து குடியிருப்பிலிருந்து ஏற்றிச் செல்கிறது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி தந்தால் அந்த ஜீப் அங்கே வராது. பேருந்துக்குக் கொடுத்தது போக மீதிக் கூலிக்குக் குடும்பம் நடக்காது. வீம்புக்காகத்தான் முரண்டு பிடிக்கிறார்கள் என்று நினைப்பவர்கள், 2022இல் டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கு ஒப்படைக்க ஆணை வந்தபோது தொழிலாளர்கள் கேட்ட முதல் கேள்வி வீடு பற்றியதுதான் என்பதை நினைத்துப்பார்க்கலாம். லைன் வீட்டைக் காலி செய்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும் என்பது பல தோட்டங்களில் நடைமுறை. ஐம்பத்தெட்டு வயதில் வீடில்லாமல் நிற்கிற ஒருவர் வாங்கக்கூடிய விலையில் இந்த மலையில் எஞ்சியிருப்பது சரிவு மட்டுமே.

அளந்து வையுங்கள்

வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கை 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் என்பதை வைத்து வருகிறது. சென்னைக்கும் அதே அளவு, சேரம்பாடிக்கும் அதே அளவு. மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறம். தேவாலாவில் கொட்டும்போது கோத்தகிரியில் வெயில் அடிக்கும். முந்தின மூன்று நாள் மழை அந்த நிறத்தில் சேர்வதில்லை. ஆகவே குடியிருப்புக்கு ஒரு மழைமானி அவசியம். வாயிலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான டப்பா போதும்; கூரையும் மரமும் இல்லாத இடத்தில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிறுத்தி, காலை எட்டரை மணிக்கு அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். அந்த நேரம் ஏனென்றால் வானிலைத் துறையின் கணக்கும் எட்டரைக்கு எட்டரைதான். ஒவ்வொரு நாளும் கடைசி மூன்று நாள் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பருவம் எழுதினால், எந்தக் கூட்டுத்தொகையில் ஓடை கலங்குகிறது, எதில் பின்சுவர் ஈரம் காட்டுகிறது என்று அந்தக் குடியிருப்புக்கே உரிய எண் பிடிபடும்.

நிலத்தில் பிறைபோல வளைந்த விரிசல் தெரிந்தால் அதன் இருபுறமும் ஒரு முளை அடித்து இடைவெளியை அளந்து தேதியோடு குறிக்க வேண்டும். விரிசலைக் களிமண்ணால் அடைத்து, மேலே பாலித்தீன் விரிப்பு போட்டு, தண்ணீர் உள்ளே இறங்காமல் பார்க்க வேண்டும். முளைகளின் இடைவெளி நாளுக்கு நாள் கூடினால் யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். சரியாக மூடிய கதவு இடிப்பது, மின்கம்பம் சாய்வது, தெளிவாக வந்த ஊற்று கலங்குவது எல்லாம் அடையாளங்கள். கொட்டும் மழையில் ஊற்றோ ஓடையோ திடீரென நின்றுபோனால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். மேலே எங்கோ மண் விழுந்து தண்ணீரை மறித்திருக்கிறது. அது உடைத்துக்கொண்டு வரும். அப்போது ஓடையோரமாகக் கீழே ஓடக் கூடாது. ஓடைக்குக் குறுக்காகப் பக்கவாட்டு மேட்டில் ஏற வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு வேடிக்கை. கேத்தி, அதிகரட்டி, ஜெகதளா, உலிக்கல், ஓவேலி, தேவர்சோலை எல்லாம் பேரூராட்சிகள். தேயிலையும் காய்கறியும் தவிர நகரத்துக்குரிய எதுவும் இல்லாத குடியிருப்புகள்கூட ஏட்டில் நகர்ப்புறம். கிராமசபை கிடையாது, ஓடை தூர்வார, கல் வரப்பு கட்டக் கிராமப்புற வேலைத் திட்டமும் கிடையாது. 2009இல் அதிகம் அடிபட்ட கேத்தியில் நிலை இதுதான்.

அதனால் மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை. வீட்டுக்குத் தடுப்புச்சுவர் வேண்டும் என்று கேட்டால் பட்டாவில் வந்து நிற்கும். சாலைச் சிறுபாலத்திலிருந்து இயற்கை ஓடைவரை தண்ணீர் போக வழி வேண்டும் என்று கேளுங்கள். சாலையும் அரசுடையது, ஓடைப் புறம்போக்கும் அரசுடையது. இடையில் ஓடுகிற தண்ணீர் சாலையிலிருந்து வந்தது. அங்கே உங்கள் பட்டாவுக்கு வேலையே இல்லை. மனுவில் சிறுபாலத்தின் கிலோமீட்டர் கல் எண், குழாய் விட்டம், குழாய் வாயிலிருந்து ஓடைவரை எத்தனை மீட்டர், இடையில் எத்தனை வீடு என்பவற்றை அளந்து எழுதுங்கள். மூடிய மழைநீர்ப் பாதையைவிடப் படிப்படியாக இறங்கும் கல் வாய்க்காலே கேளுங்கள். படிகள் வேகத்தை உடைக்கும், அடைத்தாலும் கண்ணுக்குத் தெரியும், மண்வெட்டியால் வார முடியும். கடைசிப் படிக்குக் கீழே இரண்டு மீட்டருக்காவது பெருங்கல் பரப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அங்கே பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளம் மேல்நோக்கி அரித்து ஏறும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் தாண்டி வேலை தொடங்க மாதங்கள் ஆகும். கோத்தகிரி, குன்னூர்க்காரர்கள் மார்ச்சுக்குள்ளும், கூடலூர், பந்தலூர்க்காரர்கள் முந்தின நவம்பரிலேயும் கொடுத்தால்தான் அந்தந்தப் பருவமழைக்குள் கல் பதியும்.